நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்!

*பொதுத்தேர்வு நெருங்குகிறது. டெல்டா பிள்ளைகளின் இரவு எங்கே போய்விட்டது?*

காலை ஏழேகால். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடக்கிறது. தஞ்சாவூர் பக்கமிருந்து வந்த ரயில் மன்னார்குடிக்குத் திரும்ப வேண்டுமானால் இந்தச் சந்திப்பில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டியாக வேண்டும். அதுவரை சாலையின் இரண்டு பக்கமும் பஸ், லாரி, டிராக்டர், நெல் மூட்டை ஏற்றிய டாரஸ் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். டூவீலர்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். நாலைந்து பேர் வண்டியைச் சாய்த்து கேட்டுக்கு அடியில் நுழைவார்கள்.

வரிசையில் நிற்கும் டவுன் பஸ்ஸின் உள்ளே வேறு உலகம். டிரைவர் எஞ்சினை அணைத்ததும் சீருடைக் கூட்டம் அப்படியே சாய்கிறது. ஒரு பையன் முன் சீட்டுக் கம்பியில் ரெக்கார்டு நோட்டை வைத்து, அதன்மேல் நெற்றியை வைத்துவிட்டான். ஜன்னலோரம் இரட்டைச் சடைக்காரி வாயைத் திறந்தபடி உறங்குகிறாள். அவள் மடியில் ஒரு மார்க் கேள்வித்தாள் பாதி மடங்கிக் கிடக்கிறது. கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கும் ஒரு பெண்ணின் பை, பக்கத்தில் நிற்கிற அம்மாள் தோளில் இடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரே சபிக்கிற கேட் இது. அது இன்னும் பத்து நிமிடம் மூடியிருக்கட்டும் என்று நினைக்கிற ஒரே கூட்டம் இந்தப் பஸ்ஸுக்குள் இருக்கிறது.

ஒன்பதரை மணிப் பள்ளிக்கூடத்துக்கு ஏழேகாலுக்கே ஏன் இத்தனை பேர்?

தாத்தா எழுந்த நேரம்

டெல்டாவில் படிக்கிற பிள்ளைக்கு அடையாளம் ஒன்று உண்டு. "நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிப் படிக்கிது" என்று தாய் பெருமையாகச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்பது ஆசிரியரும் சொல்வது, ஜோசியரும் சொல்வது, டியூஷன் சார் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது.

அந்த நம்பிக்கை பொய்யில்லை. அதன் ஒரு பாதி காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நாலு மணிக்கு எழுந்து ஏர் பூட்டிய தாத்தா, இரவு ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்கெல்லாம் திண்ணையில் துண்டை விரித்தவர். விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் மிச்சமாக வேண்டிய வீடு அது. கூட்டிப் பாருங்கள், எட்டு மணி நேரம் முழுசாக வரும். அவர் எழுந்த நேரத்தைப் பேரனுக்குச் சீதனமாகக் கொடுத்த நாம், அவர் படுத்த நேரத்தைக் கொடுக்கவில்லை. பேரன் பதினொன்றரைக்குப் படுக்கிறான். எழுப்புவது மட்டும் தாத்தாவின் நாலு மணிக்கு.

மூணாறு தலைப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு பிரிந்து கோரையாறாகவும் பாமணியாறாகவும் தனித்தனியே கிளம்புகிறது. தலைப்பில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் கிடைத்துவிடும். முறை தப்பினால் காய்வது கடைமடை. பிளஸ் டூ பிள்ளையின் நாளில் பள்ளி, சிறப்பு வகுப்பு, டியூஷன், டைப்ரைட்டிங், செல்போன் எல்லாம் தலைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. தூக்கம் கடைமடை.

> ஒரு பிளஸ் டூ நாள்
>
> நீடாமங்கலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்துப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ இப்படித்தான் வரும்.
>
> காலை 4.30: எழுப்புதல், படிப்பு
> 7.00: பஸ் (இதை விட்டால் அடுத்தது பள்ளி மணி அடித்த பிறகு)
> 8.15: காலைச் சிறப்பு வகுப்பு
> 9.30 – 4.15: பள்ளி
> 4.30 – 5.30: மாலைச் சிறப்பு வகுப்பு, சிறு தேர்வு
> 6.45: வீடு
> 7.15 – 9.00: டியூஷன்
> 9.30: சாப்பாடு; பிறகு வீட்டுப்பாடம், ரெக்கார்டு, போன்
> 11.30: படுக்கை
>
> மிஞ்சுவது 5 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை. குறைந்தபட்ச 8 மணியை வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 3 மணி பாக்கி. திங்கள் முதல் சனி வரை 18 மணி நேரம்.

சோம்பல் இல்லை, சுரப்பி

"பதினொரு மணி வரைக்கும் கண்ணு முழிச்சிக் கெடக்குது, காலையில எழுப்புனா பொணமாட்டம் கெடக்குது" என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற புகார். அதில் பாதிக்குப் போனைக் குற்றம் சொல்லலாம். மீதிப் பாதி உடம்பின் வேலை.

இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. உடம்புக்கு ராத்திரி வந்துவிட்டது என்று சொல்லும் சமிக்ஞை அது. பருவ வயதில் அந்தச் சமிக்ஞை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடான் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒன்பதுக்குச் சொக்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளை, பத்தாம் வகுப்பு வந்ததும் பதினொன்றுக்குத்தான் சொக்குகிறது. வளர்ப்பில் கோளாறு ஒன்றுமில்லை. உடலுக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் வீடுகளில் அதே கடிகாரத்துக்குப் பெயர் 'திமிர்'.

படுக்கும் நேரம் தானாகத் தள்ளிப்போகிற வயதில் எழும் நேரத்தை முன்னால் இழுக்கிறோம். சிக்கல் அங்கே இருக்கிறது.

நாலு மணிக்கு என்ன போகிறது?

ஓர் இரவுத் தூக்கம் முழுக்க ஒரே மாதிரியானதில்லை. முன்னிரவில் ஆழ்தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது அப்போது. பகலில் படித்ததை மூளை எடுத்து அடுக்கிவைக்கும் வேலையில் பெரும்பங்கும் அப்போது நடக்கிறது. பின்னிரவில், விடியலை ஒட்டி, கனவுத் தூக்கம் கூடுகிறது. கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டம் அது. மனக்கொந்தளிப்பு அடங்குவதிலும், கற்றவற்றை ஒன்றோடொன்று இணைப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பகுதி. மனப்பாடம் ஓரளவு தப்பிப் பிழைக்கலாம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்வியை அப்படியே கேட்டால் எழுதிவிடும். கொஞ்சம் திருப்பிக் கேட்டால் தடுமாறும். 'படிச்சது எல்லாம் மறந்துபோச்சி சார்' என்று தேர்வறைக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் படிக்காதவர்கள், எத்தனை பேர் தூங்காதவர்கள் என்று எந்த மதிப்பெண் பட்டியலும் பிரித்துக் காட்டாது.

லாஸ் ஏஞ்சலிஸில் 535 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நாட்குறிப்பு எழுதவைத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். தூக்கத்தைக் குறைத்துக் கூடுதலாகப் படித்த இரவுக்கு மறுநாள், வகுப்பில் புரியாமல் போவதும் தேர்வில் சறுக்குவதும் அதிகமாயிருந்தன. அந்த மாணவன் மொத்தத்தில் எவ்வளவு படிப்பவன் என்பதைப் பொறுத்து இது மாறவில்லை. மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தைக் கொடுப்பது நல்ல வியாபாரமாக இருந்திருந்தால்கூட ஒரு சமாதானம் இருக்கும். நஷ்ட வியாபாரத்தை நாம் வருஷம் தவறாமல் செய்கிறோம்.

மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை இது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, போதும் என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. மாலை ஐந்தரைக்குப் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பஜ்ஜியும் பாக்கெட் சிப்ஸும் பறப்பதற்குப் பசி மட்டும் காரணமில்லை. எரிச்சல், அழுகை, சின்ன வார்த்தைக்குப் பெரிய சண்டை இவையெல்லாம் 'வயசு' என்று தள்ளிவிடப்படுகின்றன. தொடர்ந்து தூக்கம் கெட்ட பிள்ளைகளிடம் மனச்சோர்வு அதிகம் தென்படுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. தேர்வு முடிவு நாளன்று மட்டும் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேசுகிறோம். பேச்சு தொடங்க வேண்டியது ஜனவரி மாத நடு இரவில்.

சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் அரசு தருகிற சைக்கிளில், விடியாத இருட்டில், டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு எதிரே வருவது கரும்பு டிராக்டரோ நெல் லாரியோ. ஓட்டுகிறவர் தூங்கியிருக்கிறாரா என்றாவது கேட்கிறோம். சைக்கிளில் வருகிற பிள்ளையைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதே இல்லை.

> 264 மணி நேரம்
>
> 1963 டிசம்பர் கடைசியில் சான் டியேகோ நகரத்து 17 வயது மாணவர் ராண்டி கார்ட்னர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகத் தூங்காமல் இருக்கத் தொடங்கினார். 264 மணி நேரம், அதாவது 11 நாட்கள், விழித்திருந்தார். நாட்கள் போகப் போக ஞாபகம் தடுமாறியது, இல்லாதது தெரிந்தது. முதிய வயதில் தூக்கமின்மையால் அவதிப்பட்டதாகவும் அவரே சொன்னார். இந்த வகைச் சாதனைகளைப் பதிவு செய்வதைக் கின்னஸ் பின்னாளில் நிறுத்திக்கொண்டது. ஆபத்து என்பதே காரணம்.

அவளுடைய நாலு மணி வேறு

பையன் நாலு மணிக்கு எழுந்தால் அம்மா டீ கொடுப்பாள். பெண் எழுந்தால் அவள்தான் டீ போட வேண்டும்.

நடவும் களையும் நடக்கிற மாதங்களில் தாய் விடியுமுன் வயலுக்குப் புறப்பட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், உலை வைப்பதும், தம்பியைக் கிளப்புவதும் பதினைந்து வயதுக்காரியின் தலையில் விழும். படிப்பதற்காக எழுப்பப்பட்ட நேரத்தில் அவள் படிப்பதே இல்லை. மார்கழியில் பூசணிப்பூ வைக்கிற கோலத்தைப் பார்த்து ரசிக்கிற நமக்கு, அது அரையாண்டுத் தேர்வு மாதம் என்பது நினைவுக்கு வருவதில்லை.

இன்னொன்று. முதல்வரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானபோது அதன் தொடக்கவிழா நடந்தது பக்கத்து மாவட்டத்துத் திருக்குவளையில், 2023 ஆகஸ்ட் 25 அன்று. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எட்டேகால் சிறப்பு வகுப்புக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பெண், பெரும்பாலும் ஒரு டம்ளர் டீயோடு வந்தவள். மதியச் சாப்பாடு வரை அதுதான். வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை அதிகம் என்பதால்தான் பள்ளிகளில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். முதல் பீரியடில் தலையைத் தொங்கப் போடுகிற பெண்ணை எழுப்பி நிற்கவைக்கும் முன், அவள் சாப்பிட்டாளா என்று கேட்கலாம்.

அறுவடையும் தேர்வும் ஒரே மாதத்தில்

சென்னைப் பிள்ளைக்கு இல்லாத ஒரு சங்கடம் டெல்டாப் பிள்ளைக்கு உண்டு. சம்பா அறுவடை தை, மாசியில். செய்முறைத் தேர்வு பிப்ரவரியில். பொதுத்தேர்வு மார்ச்சில். அறுவடை மெஷின் கிடைத்தால் கிடைத்த நேரம். அது இரவு பதினோரு மணியாக இருந்தாலும் வயலில் ஆள் நிற்க வேண்டும். நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் பார்த்து மூட்டை பிடிக்கிற வரை, படுதாவைப் போர்த்திக் காவல் கிடப்பார் அப்பா. அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போகிறவன் மகன். மழை வருகிறாற்போல் இருந்தால் படுதாவின் மறுமுனையைப் பிடிக்கிறவனும் அவனே. மறுநாள் வேதியியல் செய்முறை. இந்த வீட்டில் போய் 'எட்டு மணி நேரம் தூங்கு தம்பி' என்று உபதேசம் பண்ணுவதற்கு நமக்கு நா எழவில்லை. கொள்முதல் தாமதமும் ஒரு கல்விப் பிரச்சினை என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

பிறகு பங்குனி. மன்னார்குடி ராஜகோபாலசாமிக்குப் பதினெட்டு நாள் திருவிழா, வலங்கைமானில் பாடைக்காவடி, ஊருக்கு ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. எல்லாம் நடக்கட்டும், நாமும் போவோம். குழாய் ஸ்பீக்கர் மட்டும்தான் சிக்கல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதற்குமேல் யாருக்கும் உரிமையில்லை. காலை நாலரைக்கு எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாவின் குரல் ஒலிக்கும்போது விதியைப் பற்றிப் பேச எந்த ஊரிலும் ஆள் இல்லை.

முதலில் வெட்டுவது விளையாட்டையா?

பத்தாம் வகுப்பு வந்ததும் நடக்கிற முதல் காரியம், கபடிக்கு முழுக்கு. அடுத்து சிலம்பம், அடுத்து என்.சி.சி. 2022-23இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவில் பறையடித்துப் பரிசு வாங்கிய பிள்ளைக்கும், பிளஸ் டூவில் 'இதெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்ற பதில்தான் கிடைக்கும்.

தவறான இடத்தில் கத்தியை வைக்கிறோம். மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடிய உடம்பு படுத்ததும் தூங்கும். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் எட்டின தூரத்தில் இருக்கிற வடுவூர், கபடிக்குப் பேர்போன ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய அபினேஷ் மோகன்தாஸ் அந்த ஊர்க்காரர். பள்ளி வயதில் விளையாட்டு வீண் என்று அந்தப் பக்கம் போய் யாரும் சொல்ல முடியாது.

வெட்ட வேண்டியது இரட்டிப்பு வேலையை. பள்ளியில் காலை நடந்த அதே இயற்பியல் பாடம் இரவு டியூஷனிலும் நடக்கிறது. அதே பாடத்துக்கு இரண்டு இடத்திலும் தேர்வு, இரண்டு இடத்திலும் 'பத்துத் தடவை எழுதிட்டு வா'. காலை ஆறு மணி டைப்ரைட்டிங்கைப் பிளஸ் டூ ஆண்டில்தான் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. லோயர், ஹையர் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை வருகின்றன, அடுத்த ஆண்டும் வரும்.

செல்போனைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள், நாம் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்: வீட்டுப்பாடத்தையே இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற பள்ளி, பிள்ளை போனைத் தொடுகிறது என்று குறைபட முடியாது.

காபிக்கு இரண்டு வரி கொடுக்கலாம். கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு காபியை எதிர்ப்பது பாவம்தான். ஆனால் குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு அம்மா ஆற்றிக் கொடுத்த டபரா, நள்ளிரவு தாண்டியும் ரத்தத்தில் உலாவும்.

> மற்ற ஊர்களில்
>
> கலிபோர்னியா: உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2019இல் சட்டம். 2022 ஜூலை முதல் அமல்.
>
> சியாட்டில்: 2016இல் பள்ளி நேரம் 7.50இலிருந்து 8.45க்கு மாறியது. மாணவர்களின் தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியதாக ஆய்வு கண்டது.
>
> சியோல்: தனியார் பயிற்சி நிலையங்கள் இரவு 10 மணிக்கு மேல் இயங்கத் தடை.
>
> மகாராஷ்டிரா: நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் பள்ளி தொடங்கக் கூடாது என 2024 பிப்ரவரியில் அரசாணை. பெரிய பிள்ளைகளுக்கு இது பொருந்தாது.

நம்மிடம் இருப்பதை நாமே கெடுத்தோம்

மேலே உள்ள பட்டியலைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். கலிபோர்னியாக்காரர்கள் பல ஆண்டு போராடிச் சட்டம் போட்டு வாங்கிய நேரம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே உண்டு. ஒன்பதேகால், ஒன்பதரைக்குத்தான் மணி அடிக்கிறது. தேர்வுத்துறையும் நியாயமாகத்தான் நடந்துகொள்கிறது: பொதுத்தேர்வு அறையில் 10 மணிக்கு வினாத்தாள், 10.15க்குத்தான் எழுத்து. நீட் தேர்வோ பிற்பகல் 2 மணிக்கு. விடியற்காலை நாலு மணிக்கு எந்தத் தேர்வும் இல்லை. மூளை கூர்மையாக இருக்க வேண்டிய நேரம் பத்தேகால். பயிற்சியோ நாலரைக்கு.

பாரம் குறைகிற அறிகுறிகளும் தெரிகின்றன. 2017-18இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி 2025-26 முதல் நீங்கியது. தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு என்ற நிலை இப்போது இல்லை. ஆனால் மிச்சமான அந்த ஆண்டை, பிளஸ் டூ பாடத்தை முன்கூட்டியே நடத்தச் சில தனியார் பள்ளிகள் எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் திரும்பினால், பிள்ளைக்கு லாபம் ஒன்றுமில்லை.

காலைச் சிறப்பு வகுப்பை வைத்திருக்கிற ஆசிரியர்களையும் வில்லனாக்க முடியாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிறவர்கள் அவர்கள். அவர்களும் ஏழேகால் பஸ்ஸில் கேட்டில் நிற்கிறவர்கள்தான்.

வீட்டில் இன்றிரவே செய்யக் கூடியவை சில உண்டு. சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவரலாம். பள்ளிவிட்டு வந்ததும் இருபது நிமிடம் படுக்கவிடலாம்; மதியம் உண்ட மயக்கத்தில் கண்ணயர்கிற அப்பாவுக்கு அதைக் குற்றம் சொல்லத் தகுதியில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கித் தீர்ப்பதைவிடத் தினமும் அரை மணி கூடக் கிடைப்பது நல்லது. எழுப்புவதை ஆறு மணியாக்கலாம். எட்டு மணி நேரம் படுத்தும் அசதி தீரவில்லை, குறட்டை பலமாக வருகிறது, வாரக்கணக்கில் தூக்கமே பிடிக்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். மனம் நொந்துபோன பிள்ளைக்கு 104, 14416 எண்களில் எந்நேரமும் ஆள் உண்டு.

வீடு மட்டும் செய்ய முடியாத இரண்டு காரியங்களுக்கு இடம் இருக்கிறது. அரசுப் பள்ளி தோறும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் என்று தீர்மானம் போடுகிறார்கள். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் இன்னும் இரண்டு வரி எழுத எந்தத் தடையும் இல்லை. ஒன்று தலைமையாசிரியருக்கு: சிறப்பு வகுப்பு மாலையில் மட்டும். மற்றது கும்பகோணம் கோட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு: காலை எட்டரைக்கு ஊருக்குள் ஒரு டவுன் பஸ்.